கரையைத் தொடும் தீர்மானம் பகுதி சபை வழியாக வரட்டும்: ஒரு குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாடு

கடற்கரைப் பேரூராட்சி ஒன்றின் குடியிருப்போர் சங்கம் தன் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறது. நடைபாதையோ, கல்சுவரோ, வண்டி நிறுத்தக் குத்தகையோ, கரையைத் தொடும் எந்தப் பொருளும் முதலில் கரையோர வார்டுகளில் ஊரார் கூடிப் பேசும் பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும். அங்கே ஊரார் சொன்னது எழுத்தில் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகே அது மன்றக் கூட்டத்தின் ஓட்டுக்குப் போக வேண்டும்.

முடிவெடுப்பது மன்றத்தின் உரிமை. அதில் சங்கத்துக்கு எந்த மறுப்பும் இல்லை. தீர்மானம் நிறைவேறி, டெண்டர் முடிந்து, ஜேசிபி வந்து மணலில் நிற்கும்போதுதான் ஊருக்கு விஷயம் தெரிகிறதே, அதுதான் குறை. வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று யாராவது முத்திரை குத்தக்கூடும் என்பதால் இதையும் சொல்லி வைக்கலாம்: சங்கத்தின் உறுப்பினர்களில் கடைக்காரர்கள் உண்டு, விடுதி நடத்துபவர்கள் உண்டு, கடற்கரையில் விளக்கும் கழிப்பறையும் வேண்டுமென்று பல காலமாக மனு கொடுத்தவர்களும் உண்டு.

ஊரின் பெயரை வேண்டுமென்றே இந்த அறிக்கையில் தவிர்த்திருக்கிறார்கள். ஒரு செயல் அலுவலரையோ ஒரு தலைவரையோ கூண்டில் ஏற்றுவது நோக்கமில்லை. தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையில் எந்தச் சிறு நகரத்தை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஊருக்கு வடக்கே ஒரு சிமென்ட் சாலை. அதற்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. இரு பக்கமும் ஒரே சனம், ஒரே தொழில், கொண்டான் கொடுத்தான் உறவு. ஆனால் அந்தப் பக்கத்து மீனவருக்கு அரசியல் சாசனத்தின் 243ஏ பிரிவு கிராம சபையைத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாளாக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம்.

இந்தப் பக்கத்து மீனவருக்கு அப்படி ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகர்ப்புறங்களுக்கு வார்டு குழுக்களைத் தந்தது உண்மை. ஆனால் 243எஸ் பிரிவு, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டின் எந்தப் பேரூராட்சியும் அந்த எண்ணிக்கையின் கிட்டத்தில்கூட வராது. பெரிய நகரத்துக்கு வார்டு குழு, கிராமத்துக்குக் கிராம சபை, நடுவில் கிடக்கும் சிறு நகரத்துக்குச் சாசனத்தில் ஒன்றும் இல்லை. எட்ட முடியாத அளவுக்குப் பெரிதாகாத ஊரில், கூடிப் பேசுவது எளிதாக இருக்கும் ஊரில்தான் கூடிப் பேசச் சட்டம் இல்லாமல் போனது.

பேரூராட்சி என்பது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதில் அரசுக்கே உறுதி இருந்ததில்லை. 2004இல் பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகள் ஆக்கினார்கள். 2006இல் ஆட்சி மாறியதும் மறுபடியும் பேரூராட்சிகளாக்கினார்கள். பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. அடைத்துக்கொண்ட சாக்கடை அப்படியே கிடந்தது.

அதைவிடப் பெரிய இடைவெளி தேர்தலில் விழுந்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. அந்த ஆண்டுகளில் ஊரில் வளர்ந்து ஓட்டுரிமை பெற்ற ஒரு தலைமுறைக்குக் கவுன்சிலர் என்றால் யார், மன்றக் கூட்டம் என்றால் என்ன என்பதே தெரியாது.

மார்ச் முதல் வாரத்தில் புதிய மன்றங்கள் பதவியேற்றன. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு வந்து சேர்ந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசாணை சொன்னது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தால்தான் 15ஆவது நிதிக்குழுவின் மானியம் கிடைக்கும் என்ற நிபந்தனை அதன் பின்னால் இருந்தது. நல்லதோ கெட்டதோ, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் உட்கார்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் மேலிருந்து வந்த கணக்குக்குத் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பில் கலெக்டரிடம் சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பின்னணியை எடுத்துச் சொல்ல ஊரில் ஒரு கூட்டம் நடந்திருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். வரி உயர்வை இந்தச் சங்கம் இங்கே எதிர்க்கவில்லை. அது வந்து சேர்ந்த விதத்தைத்தான் சுட்டுகிறது.

2022இல் ஒரு நல்லதும் நடந்தது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை அரசு வெளியிட்டது. பேரூராட்சிகளையும் விடவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். முப்பது ஆண்டு விட்டுப்போனதைப் பிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கை அன்று பலருக்கும் வந்தது. சங்கத்துக்கும் வந்தது.

இந்த ஊரில் அந்தச் சபை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு தேநீர், ஒரு போட்டோ. தெருவிளக்கு, குடிநீர், நாய்த்தொல்லை என்று நான்கு பேர் எழுந்து பேசுவார்கள், “ஆவன செய்யப்படும்” என்று பதில் வரும். தெருவிளக்கு எரிவதும் நாயைப் பிடிப்பதும் முக்கியம்தான். ஆனால் அதே வாரம் மன்றத்தில் கடற்கரை வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு விடும் பொருள் வருகிறது என்பதை அந்தக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை. ஒப்புக்குச் சபை, காரியம் வேறு இடத்தில்.

மன்றக் கூட்டமோ இன்னும் சுருக்கம். பொருள் நிரல் பெரிதாக இருக்கும், கூட்டம் சிறிதாக இருக்கும். எழுத்தர் பொருள் எண்ணை வாசிப்பார், “ஆல் பாஸ்” என்று ஒரு குரல் வரும், அடுத்த எண். குழாய் பழுதுக்கான பின்னேற்பும் கடலோரத்தில் கட்டடம் எழுப்பும் ஒப்புதலும் ஒரே வேகத்தில் ஓடிப்போகும். அலுவலக வராந்தாவில் பூட்டுப் போட்ட கண்ணாடி அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் பிறப்பு இறப்புச் சான்று கட்டணமும், டெங்கு கொசு படமும், காலாவதியான ஏல அறிவிப்பும் உப்புக் காற்றில் பழுத்துக் கிடக்கின்றன. வரப்போகும் கூட்டத்தின் பொருள் நிரல் அதில் ஒட்டப்பட்டதைச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

இந்த நிலையை மாற்றப் புதுச் சட்டம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4(1)(பி) பிரிவின் எட்டாவது உட்கூறிலேயே, ஒரு பொது அமைப்பின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதைத் தானாக முன்வந்து வெளியிடச் சொல்கிறது. யாரும் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மற்ற விஷயங்களை விட்டுவிட்டுக் கரையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறது சங்கம்? அங்கேதான் அதிகாரம் அதிகமாகச் சிதறிக் கிடக்கிறது.

தரங்கம்பாடியில் ஒரு தெரு நடந்து பார்த்தால் போதும். 1792இல் திரும்பக் கட்டிய நகர வாசலில் நுழைந்து ராஜ வீதி வழியே கடல் பக்கம் போனால் 1701இன் சீயோன் தேவாலயம், 1718இன் புதிய எருசலேம் தேவாலயம், பழுதுபார்த்து மீட்ட பழைய வீடுகள், எல்லாம் சில நூறு அடிக்குள். கடல் ஓரத்தில் டேனிஷ்காரர்கள் 1620இல் தொடங்கிய கோட்டை; அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில். கொஞ்சம் தள்ளி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. தேவாலயங்கள் திருச்சபைகளின் கையில். மீன்பிடித் துறைமுகம் மீன்வளத் துறையின் வேலை. அலைதடுக்கும் கல் போடுவதற்கு இன்னொரு துறை, சுற்றுலா வசதிக்கு வேறொரு துறை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு மாவட்டக் குழு. இத்தனைக்கும் நடுவில் குப்பை அள்ளுவது மட்டும் பேரூராட்சி.

இதில் குற்றம் எந்தத் துறையின் மேலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சட்டம், அதனதன் நிதி. ஆனால் மழைநீர் வடிகாலின் வாய் மணல் மூடி அடைத்துக்கொண்டால் ஊர்க்காரர் யாரிடம் போவது? கவுன்சிலர் “அது நம்மது இல்லையே” என்பார். அந்தத் துறையின் உதவிப் பொறியாளர் மாவட்டத் தலைநகரில் இருப்பார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு, துறை துறையாகப் பந்தாடப்பட்டுக் கடைசியில் “தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்” என்ற குறிப்போடு அதே பேரூராட்சிக்கே திரும்பி வரும்.

எதிர்பாராத கேடு வந்தால் இந்தச் சிதறல் இன்னும் வெளிச்சத்துக்கு வரும். 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை சில நாட்களில் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்துவிட்டது. கப்பல் எந்தக் கொடியில் ஓடியது, இழப்பீடு யார் தருவது என்ற வழக்கெல்லாம் பெரிய இடத்தில் நடக்கும். மணலில் குனிந்து அரிசி போன்ற வெள்ளைக் குருணையைச் சலித்து எடுத்தது தூய்மைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும்தான். கரையில் எது நடந்தாலும் அதன் முடிவு வந்து விழும் இடம் உள்ளூர்தான் என்றால், தொடக்கத்திலும் உள்ளூருக்கு ஓர் இடம் வேண்டும்.

கரை வெறும் காட்சிப் பொருளாக இருக்கும் ஊருக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. இங்கே ஃபைபர் படகுகள் இழுத்து ஏற்றுவது அங்கேதான். வலை காய்வதும், கிழிந்ததைக் கட்டுவதும், கருவாடு பரப்புவதும், ஏலம் கூறுவதும், பிணக்கு வந்தால் உட்கார்ந்து பேசுவதும் அதே மணலில். இவற்றுக்குப் பட்டா கிடையாது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது புறம்போக்கு. வரைபடத்தில் காலியிடம். காலியிடம் என்று எழுதிய இடத்தில்தான் பூங்காவும் வண்டி நிறுத்தமும் முளைக்கத் தோதாக இருக்கிறது.

2023இல், 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தயாரித்த வரைவு வரைபடங்கள் மீது மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவர் நீண்டகால வீட்டுவசதிக்கான திட்டம், படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம் எல்லாம் வரைபடத்தில் வர வேண்டும் என்பது விதி. அவை விடுபட்டிருக்கின்றன என்று கரை நெடுகிலும் மீனவர்கள் சத்தம் போட்டார்கள். விடுபட்டதைக் கண்டுபிடிக்க யாரும் நிபுணராக இருக்கத் தேவையில்லை. வரைபடத்தை ஊரில் விரித்து வைத்தால் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகூட “எங்க தாத்தா வலை காயப் போடுற எடம் எங்க?” என்று கேட்டுவிடும். மாவட்டத் தலைநகரில் ஒரே ஒரு கூட்டம் போட்டால் அந்தப் பிள்ளையும் வர முடியாது, தாத்தாவும் வர முடியாது.

கரையை இழந்துவிடுவோம் என்ற அச்சம் இன்றைக்குப் பிறந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 தேதியிட்ட 172ஆம் எண் அரசாணை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்களுக்கு இரண்டு வழி வைத்தது. பின்னால் நகர்ந்து போனால் இலவச வீடு, பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். அங்கேயே இருப்பதென்றால் இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு உதவி கிடையாது. உயிருக்குப் பாதுகாப்பு என்ற காரணம் நியாயமானது. ஆனால் விட்டுப்போன இடத்தில் பின்னாளில் என்ன வரும் என்ற கேள்விக்கு எந்த ஊரிலும் பொதுக் கூட்டத்தில் பதில் சொல்லப்படவில்லை என்பதே முதியவர்களின் நினைவு. அலை போய்விட்டது, அந்தக் கேள்வி மட்டும் இருபது ஆண்டாகக் கரையிலேயே கிடக்கிறது.

“எங்கள் ஊர்க் கரையை நாங்கள் அழகுபடுத்தினால் மற்றவருக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரி ஒரு பாடம். 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே, நகரத்தின் முன்னால் இருந்த கடற்கரை கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. கல் போட்டு நகரத்தைக் காப்பாற்றியதும் அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டக் குப்பங்களின் வீடுகளைத் தொட்டது. துறைமுகம் கேட்காத, அதனால் ஒரு பைசா வருமானம் பார்க்காத ஊர்கள் அவை. வேறொரு அரசின் எல்லையில் இருப்பவை. பிறகு 2018இல் நீருக்குள் ஓர் ஆப்பு வடிவத் தடுப்பை வைத்து நகரத்தின் முன்னால் கொஞ்சம் மணலை மீட்டார்கள். கல்சுவரோ நேர்க்கல் தடுப்போ கேட்கும் எந்தத் தீர்மானமும் பக்கத்து ஊர்ப் பகுதி சபைக்கும் கிராம சபைக்கும் நகல் போகாமல் நிறைவேறக் கூடாது என்று சங்கம் சொல்வதற்குக் காரணம் இதுதான். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருப்பதாகக் கணக்கிட்டது. எல்லோரும் தத்தம் ஊருக்குக் கல் கேட்கும் காலம் இது. கல்லுக்குக் கை தூக்கும் கவுன்சிலர், அது யார் வீட்டைத் தள்ளிவிடும் என்பதையும் கேட்டுவிட்டுத் தூக்கட்டும்.

பேசிவிட்டுச் செய்வதற்கும் செய்துவிட்டுப் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னை நொச்சிக்குப்பத்தில் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டின் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்தார்கள். பிறகுதான் பேச்சுவார்த்தை. சுமார் 15 கோடி ரூபாயில் 366 கடைகளோடு புதிய அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்காடி நல்ல கட்டடம், கழிவுநீர் வசதியும் உண்டு. அந்தச் சாலை யாருடைய இடத்தில் போடப்பட்டது என்ற மீனவர்களின் கேள்வியைப் பேச, சாலை போடும்போதே ஒரு கூட்டம் இருந்திருக்கலாம். சென்னையில் மறியல் செய்தால் தொலைக்காட்சி வரும், நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது. சிறு ஊரில் மறியல் செய்தால் வழக்குத்தான் வரும்.

சங்கத்தின் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்று கவனிக்கத் தக்கவை.

தாமதமாகும் என்கிறார்கள். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பது செயல் அலுவலர்களின் நியாயமான கவலை. ஆனால் ஒப்புதல் இல்லாமல் தொடங்கி, தடையாணை வாங்கி, பாதியில் நின்ற வேலைகளின் கணக்கையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் உடைப்பு, புயல் சேதம் போன்ற அவசர வேலைக்குச் சபை தேவையில்லை என்பதைச் சங்கம் ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது, “ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டுவிட்டோமே, அது போதாதா?” என்பது. இதைச் சங்கம் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் அமைப்புக்கு இன்றும் மரியாதை உண்டு. சுனாமி நேரத்தில் நிவாரணப் பட்டியல் எடுத்ததிலிருந்து, எந்த வலையைக் கடலில் அனுமதிப்பது என்பது வரை அது செய்யும் வேலையை எந்த அலுவலகமும் செய்ததில்லை. அதனாலேயே அதிகாரிகளுக்கும் அது சுலபமாக இருக்கிறது. ஐந்து பேரைக் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்ததுபோல் பேசி முடித்து, “ஊர் சம்மதம்” என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த அமைப்பில் பெண்கள் உட்காருவதில்லை. கூடை சுமந்து மீன் விற்பவர்களும் கருவாடு போடுபவர்களும் பெண்கள். கரையில் இடம் பறிபோனால் முதலில் இழப்பவர்கள் அவர்கள். கரையோர வார்டிலேயே இருக்கும் மீனவரல்லாத குடும்பங்களுக்கும், மேட்டுத்தெருவின் தலித் குடும்பங்களுக்கும், பள்ளிவாசல் தெருக்காரர்களுக்கும் அங்கே குரல் கிடையாது. பஞ்சாயத்தார் பகுதி சபைக்கு வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும். சபைக்குப் பதிலாக அவர்கள் வர முடியாது.

மூன்றாவது, சபை கட்சிச் சண்டையாகிவிடும் என்பது. ஆகலாம். கிராம சபைகளிலும் ஆகிறது. அதற்காக யாரும் கிராம சபையை மூடச் சொல்லவில்லை. கேரளத்தில் 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் கீழ், ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு சபை இருக்கிறது. வார்டின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். கட்சிச் சண்டைக்குக் கேரளத்தில் பஞ்சமா என்ன? சபையும் நடக்கிறது, சண்டையும் நடக்கிறது.

சங்கத்துக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. கடைத்தெரு உறுப்பினர்கள் கடற்கரையில் வண்டி நிறுத்தம் வேண்டும் என்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் வரும் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியவில்லை என்பது அவர்கள் வாதம். குப்பத்து உறுப்பினர்கள், வண்டி நிறுத்தக் குத்தகைக்காரர் நாளை கயிறு கட்டிப் படகுக்கும் காசு கேட்பார் என்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டக் கோவளத்துக்கு 2021இல் நீலக் கொடிச் சான்று கிடைத்ததைச் சிலர் பெருமையாகச் சொன்னால், வேலி போட்ட கடற்கரையில் வலை எங்கே காயும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இந்தப் பூசலைச் சங்கம் தீர்த்து வைக்கப் போவதில்லை; அது சங்கத்தின் வேலையும் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் பேச வேண்டும்.

எப்படி நடத்துவது என்பதில் சங்கம் சில சிறிய விஷயங்களில் பிடிவாதமாக இருக்கிறது. காலை பதினொரு மணிக் கூட்டம் கரைக்கு உதவாது. விடியலில் போன ஃபைபர் படகுகள் திரும்பி, ஏலம் முடிந்து, பெண்கள் கூடையோடு வெளியூர்ப் பேருந்து ஏறிப் போயிருக்கும் நேரம் அது. மாலை ஐந்து மணிக்கு மேல், ஏலக்கூடத்திலேயே கூட வேண்டும். பெரிய திட்டங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் எடுத்தால் விசைப்படகுத் தொழிலாளர்களும் ஊரில் இருப்பார்கள். பொருள் நிரல் ஏழு நாள் முன்னதாக அலுவலகப் பலகையிலும் ஏலக்கூடச் சுவரிலும் ரேஷன் கடையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். திட்ட மதிப்பு, எந்தத் துறையின் நிதி, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்கியாயிற்றா என்ற நான்கு விவரங்கள் அதில் இருந்தாலே போதும். வரைபடம் இருந்தால் அதைப் பெரிதாக அச்சடித்து விரிக்க வேண்டும். செல்போனில் ஒரு படம் அனுப்பிவிட்டு வெளியிட்டாயிற்று என்று சொல்லக் கூடாது.

சபையில் பேசியதைக் கூட்டம் கலைவதற்கு முன் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மன்றம் அந்தக் கருத்தை ஏற்காமல் போகலாம். அப்போது ஏன் ஏற்கவில்லை என்று தீர்மானத்திலேயே இரண்டு வரி எழுதட்டும். “ஆல் பாஸ்” என்ற சொல் மினிட் புத்தகத்தில் காரணமாக நிற்காது.

கரை சம்பந்தப்பட்ட ஒவ்வொரு புகாருக்கும் எந்த அலுவலகம் பொறுப்பு, அங்கே எந்தப் பதவியிலுள்ளவரைப் பார்ப்பது என்று ஒரே தாளில் எழுதிப் பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்டுவதும் நிலைப்பாட்டின் ஒரு பகுதி. அந்தத் தாளைத் தயாரிக்கப் பேரூராட்சிக்கு ஆள் இல்லையென்றால் சங்கமே துறை துறையாக ஏறி இறங்கித் தயாரித்துக் கொடுக்கும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்த அறிக்கையின் நகல்கள் பேரூராட்சித் தலைவருக்கும், எல்லா வார்டு கவுன்சிலர்களுக்கும், செயல் அலுவலருக்கும், மாவட்டத்தின் பேரூராட்சிகள் உதவி இயக்குநருக்கும், வடக்கே சாலைக்கு அந்தப் பக்கத்து ஊராட்சித் தலைவருக்கும் போகின்றன. அடுத்த பகுதி சபையில் சங்கம் மூன்று பொருள்களை எழுத்தில் கொடுக்கும்: வண்டி நிறுத்தக் குத்தகையின் எல்லையை மணலில் அளந்து காட்டுவது, வடக்குக் கரைக்குக் கேட்டிருக்கும் கல்தடுப்பின் வரைபடத்தை விரித்து வைப்பது, மீன் ஏலக்கூடத்துக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்பதற்குப் பொறுப்பான துறையைப் பெயர் சொல்லிப் பதிவு செய்வது. மூன்றாவது பொருளுக்குச் சபையிலேயே பதில் கிடைக்காவிட்டால், அன்றே தகவல் அறியும் உரிமை மனு பதிவுத் தபாலில் போகும்.